முதலாவது இடத்தில் எதை எழுதுவது?

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாளே தொடங்கிவிடும். நான் கதவைத் திறக்கும் முன்னமே வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். முன்னால் அப்பா, பின்னால் பிள்ளை, பிள்ளையின் கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். திருகோணமலையில் மாணவருக்குத் தொழில் வழிகாட்டல் செய்யத் தொடங்கிப் பதினைந்து வருடமாகிறது. இந்தக் காட்சி மாறவில்லை. பிள்ளையிடம் நான் கேட்கும் கேள்விக்கு அப்பா பதில் சொல்வதும் மாறவில்லை.

"தம்பிக்கு என்ன படிக்க விருப்பம்?"

"அவனுக்கு இன்னும் ஒரு முடிவும் இல்ல ரீச்சர்."

சரி, அப்பா முன்கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரட்டும் என்பேன். அவர் போன பிறகுதான் என் வேலை தொடங்கும்.

திருக்கடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கணிதப் பிரிவு. பௌதிகவியலுக்கு ஒரு சி, மற்ற இரண்டும் எஸ், மட்டுமட்டான பாஸ். "எனக்கு ஒண்டும் விளங்கேல்ல ரீச்சர்" என்று நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். என்னவாக வர ஆசை என்று நான் கேட்பதில்லை. பதினெட்டு வயதில் அதற்கு டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் வீட்டில் கேட்டதை ஒப்பிக்கிறது. சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டேன். மாமாவின் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டியிருக்கிறான். காபரேட்டர் அடைப்பைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினான். ஒன்றும் விளங்கவில்லை என்ற அதே பிள்ளைதான்.

முடிவில்லாத பிள்ளை என்று நாம் சொல்பவர்களில் பலர் இன்னும் எதையும் நேரில் பார்க்காத பிள்ளைகள். டொக்டர், எஞ்சினியர், ரீச்சர், பேங்க். எங்கள் வீடுகளில் பேச்சில் வரும் தொழில்கள் அவ்வளவுதான். சமுத்திரப் பல்கலைக்கழகம் என்று நாட்டில் ஒன்று இருப்பதே இந்தத் துறைமுக ஊரில் பலருக்குத் தெரியாது. கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தைத் தாண்டி நிலாவெளிக்குக் குளிக்கப் போகிறோம். அங்கே சித்த மருத்துவமும் கணினி விஞ்ஞானமும் படிப்பிக்கிறார்கள் என்றால், "அப்படியா?" என்கிற அம்மாமாரை நான் தினமும் பார்க்கிறேன்.

அதனால் நான் கொடுக்கும் முதல் வீட்டுவேலை பஸ் பயணம். வகுப்பு நடக்கிற ஒரு நாளில் வளாகத்துக்குப் போய், அங்கே படிக்கிற ஒரு அண்ணாவையோ அக்காவையோ பிடித்து இரண்டு கேள்வி கேட்டு வர வேண்டும். எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள்? காலையிலிருந்து பின்னேரம் வரை என்ன செய்கிறீர்கள்? முதல் கேள்வி சின்னதாகத் தெரியும். ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை விஞ்ஞான பீடத்துக்குப் போய், முதல் விரிவுரையே ஆங்கிலத்தில் நடக்கக் கண்டு திகைத்து நிற்பதைப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும். முதலே தெரிந்தால், பெறுபேற்றுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் சும்மா கழிகிற மாதங்களில் ஆங்கிலத்தைக் கொஞ்சம் சரிப்படுத்தலாம்.

இனி பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம். விரும்பும் கற்கைநெறிகளை முதலாவது, இரண்டாவது என்று அதில் வரிசையாக எழுத வேண்டும். என் அனுபவத்தில் அதிகம் கண்ணீர் வரவைப்பது குறைந்த புள்ளி அல்ல. நல்ல புள்ளி எடுத்துவிட்டுத் தெரிவுகளைப் பிழையான வரிசையில் போடுவது.

உயிரியல் படித்த ஒரு பிள்ளை. தூரத்தில் உள்ள ஒரு கற்கைநெறியில்தான் அவளுக்கு உண்மையான ஆசை. அம்மா பயந்தார். கிடைக்காததை முதலில் போட்டால் அந்த இடம் வீணாகிவிடும் என்று ரியூசனில் யாரோ சொல்லியும் இருந்தார்கள். வீட்டுக்குக் கிட்ட உள்ளதை முதலாவதாகவும் ஆசைப்பட்டதை ஐந்தாவதாகவும் போட்டாள். முதலாவதுக்கே பெயர் வந்தது. பிறகு வெட்டுப்புள்ளிகள் (ஒவ்வொரு கற்கைநெறிக்கும் கடைசியாக எடுபட்டவரின் புள்ளி) வெளியானபோது பார்த்தால், ஆசைப்பட்டதற்கு வேண்டியதைவிட அவளுடைய இசட் புள்ளி, அதாவது பாடப் பெறுபேறுகளிலிருந்து தெரிவுக்கென்று கணிக்கும் புள்ளி, கூட. என் முன்னால் இருந்து அழவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறை எளிமையானது. உங்கள் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய முதலாவதைத் தருவார்கள். எட்டாததை மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆகவே ஆசையின் வரிசையில் போடுங்கள். பயத்தின் வரிசையில் போடாதீர்கள். கீழே கடைசியாகப் போடுவதும் கிடைத்தால் உண்மையில் போய்ப் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். பதிவு செய்துவிட்டால், அடுத்த தடவைப் பெறுபேற்றை வைத்து வேறொன்றுக்கு மாற விதிகள் குறுக்கே நிற்கும்.

இன்னொன்று. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்ப்பவர்கள் திருகோணமலை நிரலைப் பாருங்கள். கொழும்பில் உள்ள மச்சான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதம் வரையும் மாவட்ட அடிப்படையில் 55 வீதம் வரையும் எடுக்கிறார்கள். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அதில் எங்கள் மாவட்டமும் ஒன்று. கட்டடக்கலை, சங்கீதம், நடனம் போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ தனியாக இருக்கும். அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் இதைத் தவறவிட்டு யாராவது வருகிறார்கள்.

ராகிங் என்கிற பகிடிவதைக்குப் பயந்து பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப மறுக்கும் பெற்றோரும் உண்டு. அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம் என்பதைச் சொல்லி, அங்கே படிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவருடன் போனில் பேச வைப்பேன். பாதிப் பேர் அதோடு தணிந்துவிடுவார்கள்.

கம்பஸ் கிடைக்காவிட்டால் உடனே தனியார் விளம்பரத்தைப் பிடிக்காதீர்கள். நகையை அடகு வைத்து மகனை ஓரிடத்தில் சேர்த்த ஒருவர், இரண்டு வருடம் கழித்து அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து, இது எங்கே செல்லும் என்று என்னிடம் கேட்டார். எங்கேயும் செல்லாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டத்தை யார் தருகிறார்கள், அதற்கு இங்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று காசு கட்ட முன்னம் கேளுங்கள். ஏ.டி.ஐ. என்கிற உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா), ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம் என்று அரசாங்க வழிகளே பல கிடக்கின்றன.

திருக்கடலூர்ப் பையனின் அப்பா தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோது, இரண்டாம் தடவை எழுதட்டும், வேண்டுமானால் மூன்றாம் தடவையும் எழுதட்டும் என்றார். எழுதலாம், ஆனால் இந்தப் புள்ளியிலிருந்து பொறியியல் பீடம் எவ்வளவு தூரம் என்பதை வெட்டுப்புள்ளி அட்டவணையை விரித்துக் காட்டினேன். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) என்ற ஏணியையும் வரைந்தேன். 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கி, இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை ஏறலாம். "மெக்கானிக் பாஸ்வேலைக்கா ரீச்சர் இவ்வளவு படிக்க வைச்சனான்?" என்றார். அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது. அடுத்த கிழமை பையன் தனியாக வந்தான், அதற்கடுத்த கிழமை மாமாவோடு வந்தான். மூன்றாம் கிழமை அப்பாவே விண்ணப்பப் படிவத்தோடு வந்தார்.

இப்போது பையன் 5ஆம் மட்டத்தில் படிக்கிறான். சந்தையில் கண்டால் அப்பா பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தமாகச் சொல்கிறார், மகன் எஞ்சினியருக்குப் படிக்கிறான் என்று. நான் திருத்துவதில்லை.