ஆறு விழுந்தால் மறுபடி உருட்டலாம், ஆள் இல்லையென்றால் கூடாது

சர்வே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒரு வீட்டில் 18 வயது தாண்டியவர்கள் ஐந்து பேர் இருந்தால், யாரிடம் கேள்வி கேட்பது என்று நாங்கள் முடிவு செய்யக் கூடாது. கதவைத் திறந்தவரும் முடிவு செய்யக் கூடாது. ஐந்து பெயருக்கும் எண் போட்டு, விழுகிற எண்ணுக்கு உரியவரிடம்தான் கேட்க வேண்டும். இதற்கென்றே லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இல் வெளியிட்ட அட்டவணை உண்டு. இப்போது டேப்லெட்டே ஆளைத் தேர்ந்து சொல்லிவிடும். காகிதத்தோடு போகிற இடத்தில் எனக்குப் பகடைதான் வசதி.

ஒரு ஒத்திகையின்போது, திண்ணையில் எவர்சில்வர் தட்டை வைத்து உருட்டினார் ஒரு தம்பி. ஆறு விழுந்தது. வீட்டில் இருப்பதோ ஐந்து பேர். “ஆறுன்னா ஒண்ணுன்னு வெச்சுக்கலாமா சார்?” என்றார்.

வைத்துக்கொண்டால் 1ஆம் எண்காரருக்கு ஆறில் இரண்டு வாய்ப்பு. மற்ற நால்வருக்கும் ஆறில் ஒன்றுதான். பட்டியலில் முதலில் எழுதப்படுபவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். ஐந்து பேர் வீடுகளிலெல்லாம் அவர் குரல் மட்டும் இரட்டிப்பாகக் கேட்கும்.

சரி, ஆறைத் தள்ளிவிட்டு மறுபடி உருட்டினால் கணக்கு கெடாதா? கெடாது. 2ஆம் எண்காரரையே பார்ப்போம். முதல் உருட்டிலேயே அவர் வர 1/6. முதலில் ஆறு, அடுத்து இரண்டு என்றால் 1/36. இரண்டு ஆறு தாண்டி வந்தால் 1/216. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் 1/5 வரும். இவ்வளவு கூட்டவும் வேண்டாம். ஆறு விழுந்தால் ஆட்டம் பழையபடி முதலிலிருந்து தொடங்குகிறது; எனவே வாய்ப்பு ப என்றால், ப = 1/6 + ப/6. வீட்டுக்குச் சராசரியாக 1.2 உருட்டு ஆகும். நான்கு பேர் வீட்டில் 5, 6 இரண்டையும் தள்ளுவதால் 1.5.

தாயம் ஆடிப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். 0, 1, 2, 3 புள்ளி உள்ள இரண்டு தாயக்கட்டை; இரண்டிலும் 0 விழுந்தால் அது 12. 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு ஆட்டம். 16இல் 6 தடவை அது நடக்கும். ஆனால் விழுந்தது கையைவிட்டுப் போவதில்லை, அதோடு அடுத்தது சேர்கிறது. ஒரு வீச்சுக்குச் சராசரி 3.75, ஒரு முறைக்கு 1.6 வீச்சு, பெருக்கினால் 6. அது சேர்த்துக்கொண்டே போகிற கணக்கு. எங்களுடையது விழுந்ததை மறந்துவிடுகிற கணக்கு.

ஏழு பேர் உள்ள கூட்டுக் குடும்பத்தில்தான் ஆபத்து அதிகம். இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுவது ஆகாது: கூட்டுத்தொகை 7 விழ 36இல் 6 வழி, 2 விழ ஒரே வழி. அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பகடை எடுத்து, 36 சேர்க்கையையும் வரிசையாக எழுதி, ஆளுக்கு ஐந்து கொடுத்துவிடலாம். மிச்சம் 6-6 மட்டும். அது விழுந்தால் இரண்டையும் மறுபடி உருட்ட வேண்டும். சோம்பல்பட்டு வெள்ளையை மட்டும் உருட்டினால், சிவப்பில் ஆறு அப்படியே நிற்கும். அந்த வரிசையில் இருப்பதெல்லாம் ஏழாமவருடைய ஐந்து சேர்க்கைதான். அவர் வாய்ப்பு 36இல் 6 ஆகிவிடும். இந்தத் தவற்றை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்; நானே ஒரு தடவை விட்டிருக்கிறேன்.

அப்புறம், எல்லாவற்றிலும் மோசமானது: “அவர் வேலைக்குப் போயிருக்கார் சார், அதான் இன்னொரு தடவை உருட்டினேன்.” மூன்று பேரில் பாட்டி மட்டும் வீட்டில் இருக்கிறார் என்று வையுங்கள். எத்தனை தடவை உருட்டினாலும் கடைசியில் நிற்பது பாட்டிதான். பகடை எதற்கு, நேராகப் பாட்டியிடமே கேட்டிருக்கலாம். ஆறைத் தள்ளும்போது பட்டியலில் உள்ள யாரையும் நாம் தள்ளவில்லை. இங்கே ஒரு ஆளையே தள்ளிவிடுகிறோம். சாயங்காலம் திரும்பப் போவதுதான் வழி. பஸ் செலவு ஆகும்தான்.

இந்த மாதிரித் தவறுகளை அலுவலகத்தில் உட்கார்ந்தே ஓரளவு பிடிக்கலாம். ஐந்து பேர் வீடுகள் 300 இருந்தால், 1ஆம் எண்காரர் 60 இடத்தில் வர வேண்டும். முன்பின் 14 போனால் தற்செயல் என்று விடுவேன். ஆறை ஒன்றாக வைத்திருந்தால் அது 100 பக்கம் நிற்கும்.

படிவத்தில் இப்போது ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: தள்ளிய உருட்டையும் எழுத வேண்டும். 6, 6, 2 என்று கிறுக்கலாக இருந்தால் எனக்கு நிம்மதி. ஐந்து பேர் வீடுகள் 30 முடித்தும் ஒரு ஆறுகூட எழுதாத தாள் வந்தால், நேர்மையாக உருட்டி அப்படி அமைவது ஆயிரத்தில் நாலு தடவைதான். தாளை எடுத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்து, அந்தத் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.