யெல்லோஸ்டோன்: வெந்த பாறையும் வேகாத பாறையும்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஆர்டிஸ்ட் பாயின்ட் முனையில் நிற்பவர்களின் கேமரா, யெல்லோஸ்டோன் ஆற்றின் இரண்டு அருவிகளில் கீழே இருக்கும் கீழருவியைத்தான் நேராகத் தேடும். அருவி ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்பதற்கான விடை பள்ளத்தாக்கின் பக்கச் சுவர்களில் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நடுநடுவே சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளை. மஞ்சளைப் பார்த்ததும் பலர் கந்தகம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது துரு. பாறைக்குள் இருக்கும் இரும்பு, காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்த நிறம்.

இரும்பு வெளியே வரக் காரணம் வெந்நீர். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் இங்கே நடந்த பெரும் எரிமலை வெடிப்பில் நிலம் உள்வாங்கியது. பிறகு ரையோலைட் என்னும் கெட்டியான எரிமலைக் குழம்பு அந்தப் பள்ளத்தில் பரவி இறுகியது. அடியில் சூடு தணியவில்லை. விரிசல்கள் வழியே மேலேறிய வெந்நீரும் நீராவியும் பாறையை ஊறவைத்து வேகவைத்தன. அதிலிருந்த ஃபெல்ஸ்பார் கனிமம் களிமண்ணாக மாறியது. வெந்த ரையோலைட் உறுதியிழந்து உதிரும், வேகாதது இரும்புபோல நிற்கும்.

மீதி வேலையை யெல்லோஸ்டோன் ஆறு செய்தது. வெந்த பகுதியை அறுத்துக்கொண்டு போய், சுமார் 32 கி.மீ. நீளமும் 240 முதல் 370 மீட்டர் வரை ஆழமும் உள்ள பள்ளத்தாக்கை உண்டாக்கியது. குறுக்குவெட்டு ‘V’ வடிவில் இருப்பது ஆற்றின் கைவேலைக்கு அடையாளம். இப்போதும் சுவர்களில் ஆங்காங்கே ஆவி கிளம்புகிறது. அடுப்பு இன்னும் அணையவில்லை.

94 மீட்டர் உயரக் கீழருவி, வேகாத பாறை முடிந்து வெந்த பாறை தொடங்கும் எல்லையில் நிற்கிறது. விளிம்புக்கு மேற்புறம் கெட்டிப் பாறை, கீழ்ப்புறம் அரிபட்டுப் போன பாறை. 33 மீட்டர் மேலருவியின் கதை வேறு. அங்கே வேக்காடு காரணமல்ல. மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டுமே எரிமலைப் பாறைதான், ஆனால் கீழ்ப்புறத்தில் எரிமலைக் கண்ணாடி (குழம்பு சட்டென்று குளிர்ந்து உறைந்தது) அதிகம் கலந்திருப்பதால் அது எளிதில் தேய்ந்துவிட்டது.

கீழருவியை உற்றுப் பார்த்தால் வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு இறங்குவது தெரியும். பாசி அல்ல. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பள்ளம் இருக்கிறது. அங்கே நீர் ஆழமாகவும் சலனம் குறைந்தும் பாய்வதால், உடைந்து நுரையாவதற்கு முன் சிறிது தூரம் ஆற்றின் சொந்த நிறத்தோடு விழுகிறது.

எப்போது போவது? பனி உருகும் காலத்தில் உச்சத்தில் நொடிக்கு சுமார் 2,40,000 லிட்டர் தண்ணீர் விழும். இலையுதிர் காலத்தில் அது 19,000 லிட்டர் அளவுக்குக்கூட இறங்கிவிடும். முழக்கம் வேண்டுமென்றால் கோடையின் தொடக்கம். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை சொந்த காரில் இங்கே வர முடியாது.

நேரத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். காலை வெயில் முதுகில் படும்படி ஆர்டிஸ்ட் பாயின்டில் நின்றால் அருவிமேல் வெளிச்சம் முழுதாக விழும், சாரலில் வானவில்லும் கிடைக்கக்கூடும். பிற்பகலில் சூரியன் எதிரே வந்துவிடும், படம் வெளிறும். இன்னொரு ஏமாற்றம்: அங்கிருந்து மேலருவி தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஆறு வளைகிறது. மேலருவிக்கு அதற்கான பார்வை முனைக்குத் தனியே போக வேண்டும்.

கீழருவியின் விளிம்புக்கே இறங்கும் பாதை ஒன்று வடகரையில் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 180 மீட்டர் இறங்குகிறது. இறங்கும்போது ஒன்றும் தெரியாது. இடமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். திரும்பி ஏறும்போது பாதி வளைவுகளிலேயே மூச்சு வாங்கும். தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குவது வழக்கமான பிழை. தடுப்பைத் தாண்டி ஒரு செல்ஃபி எடுப்பது அதைவிட மோசம்: பல இடங்களில் காலடியில் இருப்பது அதே வெந்த பாறை, மிதித்தால் பொலபொலவென்று சரியும்.