கால்வலி போய்விட்டதா? முதலில் காலைப் பாருங்கள்

"ரெண்டு வாரமா வலியே இல்லை டாக்டர். செருப்பு மட்டும் தானா கழண்டு போகுது." தாராவியில் தையல் வேலை பார்ப்பவர் நிம்மதியாகச் சொன்னார். முன்பாதத்தைத் தூக்கச் சொன்னேன், எழும்பவில்லை. இப்படி எத்தனை பேர்! வலி போனால் குணமாகிவிட்டது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இடுப்பில் தொடங்கி, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுரீரென்று இழுத்தால் நரம்பு அழுந்துகிறது. வலி குறையும்போது காலில் பலமும் உணர்ச்சியும் சரியாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலோருக்கு சில வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே அடங்கிவிடும். ஆனால் வலி போய், மரமரப்பு கூடி, கால் துவண்டால் அந்த நரம்பு வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது, வலியை அனுப்பும் வேலையையும் சேர்த்து. அந்த நேரத்தில்தான் "வாயுப் பிடிப்பு விட்டுடுச்சு" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

சுவரைப் பிடித்தபடி குதிகாலால் சில அடி நடந்து பாருங்கள், பிறகு விரல் நுனியால். ஒரு கால் மட்டும் தொய்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள், யாரையும் ஏறி மிதிக்க விடாதீர்கள்.

கழுத்தில் தண்டுவடம் அழுந்தும்போது கழுத்து வலிக்காமலே போகலாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், நடை தள்ளாடும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

படுத்தாலும் விடாத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவது மூன்றும் சேர்ந்தால் மும்பையில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது முதுகெலும்புக் காசநோயைத்தான். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது) என்று பார்த்ததும் அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு: வலியே இல்லாத 20 வயதுக்காரர்களிலும் 10 பேரில் 3 பேருக்கு அது இருக்கும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சிறுநீர் முட்டியும் வராமல் நிற்பது, தெரியாமலே போய்விடுவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது. இதில் ஒன்று வந்தாலும், நள்ளிரவானாலும், சயானோ கேஇஎம்மோ, பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 48 மணி நேரம் தாண்டினால் அறுவை செய்தும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம்.

அம்மாக்களே, அந்த இடம் மரத்துப்போனதை மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருமகளிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள். தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.