நீர்மூழ்கியின் ஃபைபர் ஆப்டிக் கைரோவைக் கெடுப்பது வெப்பம்தான்

விஜயநாராயணம் கடற்படை நிலையம் அனுப்பும் மிகத் தாழ்ந்த அலைவரிசைச் செய்தி கடலுக்குள் சில மீட்டர் இறங்கும். ஜிபிஎஸ் அலை நீரின் மேற்பரப்பிலேயே மடிந்துவிடும். அதனால் மூழ்கிய நீர்மூழ்கி தன் இடத்தை உள்ளிருக்கும் கருவிகளைக் கொண்டே கணக்கிட வேண்டும். 1958-இல் அமெரிக்காவின் நாட்டிலஸ் நீர்மூழ்கி வடதுருவப் பனிக்கடியில் போனதும் உள்ளிருந்த கைரோக்களையும் (சுழற்சியை அளப்பவை) முடுக்கமானிகளையும் (வேக மாற்றத்தை அளப்பவை) நம்பித்தான். கைரோ மணிக்கு 0.01 டிகிரி பொய்ச் சுழற்சி காட்டினால், கணக்கில் வரும் இடம் மணிக்குச் சுமார் 0.6 கடல் மைல் விலகும். இந்தப் பொய்ச் சுழற்சிதான் பயாஸ். பல நாள் மூழ்கியிருக்கும் கப்பலுக்கு அது 0.001-க்கும் கீழே இருக்க வேண்டும்.

மூடிய வளையத்தில் லேசர் ஒளியை ஓடவிடும் ரிங் லேசர் கைரோக்களில் பெரும்பாலானவற்றை இடைவிடாமல் அதிரவைக்க வேண்டும். ஃபைபர் கைரோ, ஒளியிழைச் சுருளில் ஒளியை இரு திசைகளிலும் ஓடவிட்டு அவற்றின் வேறுபாட்டால் சுழற்சியை அளக்கும். அதில் அசையும் பாகம் இல்லை, சத்தமும் இல்லை. நீர்மூழ்கிக்கு இது பெரிய விஷயம். ஆனால் அளக்க வேண்டிய சமிக்ஞை மிக நுண்ணியது. 20 செ.மீ. விட்டச் சுருளில் 5 கி.மீ. ஃபைபர், 1550 நானோமீட்டர் ஒளி என்று வையுங்கள். பூமியின் முழுச் சுழற்சியே எதிரெதிராக ஓடும் இரு கற்றைகளுக்கிடையே ஆயிரத்தில் ஒரு ரேடியன் கட்ட வேறுபாட்டைத்தான் (அலைகள் ஒன்றுக்கொன்று விலகும் அளவைத்தான்) தரும். நாம் தேடுவது அதில் 15,000-இல் ஒரு பங்கு.

அதை முதலில் விழுங்குவது வெப்பம். 1980-இல் ஷூப் என்ற ஆய்வாளர் விளக்கிய விளைவு இது. ஃபைபரின் ஒரு முனைக்கு அருகே சூடு ஏறிக்கொண்டிருந்தால், ஒரு கற்றை அந்த இடத்தை முன்பே கடந்துவிடும், மற்றது 20 மைக்ரோ வினாடிக்கும் மேல் கழித்து வரும். அதற்குள் ஒளிவிலகல் எண் மாறியிருக்கும். கைரோ அதைச் சுழற்சி என்று எடுத்துக்கொள்ளும். நிலையான சூடு இப்படிக் கெடுக்காது, மாறும் சூடுதான் கெடுக்கும்.

எனவே ஃபைபரைச் சுருளாகச் சுற்றும்போது, அதன் நடுப்புள்ளியிலிருந்து சமதூரத்தில் உள்ள இடங்கள் ஒரே சூட்டைப் பெறும்படி பக்கத்துப் பக்கத்தில் அமர வேண்டும். சரிபாதியைக் குறித்து, இரு பாதிகளையும் இரண்டு உருளைகளில் ஏற்றிக்கொள்வார்கள். முதல் அடுக்கு ஒரு பாதியிலிருந்து, அடுத்த இரண்டும் மற்றப் பாதியிலிருந்து, நான்காவது மறுபடி முதல் பாதியிலிருந்து. இந்த நான்கும் ஒரு தொகுதி. தொகுதி பாதியில் நின்றாலோ, அடுக்கின் ஓரத்தில் இழை நழுவிக் கீழ் அடுக்கில் விழுந்தாலோ, சமச்சீர் போய்விடும். சுருளை ஒட்டும் பசையிலும் கவனம் வேண்டும். அது இறுக்கத்திலிருந்து இளகும் வெப்பநிலை கைரோவின் வேலை வரம்புக்குள் விழுந்தால், அந்தப் புள்ளியைக் கடக்கும்போதெல்லாம் பயாஸ் எகிறும்.

காந்தப்புலம் அடுத்த எதிரி. சுருளை மூடும் மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கும் உலோகக் கலவை) கூட்டைச் சூடாக்கிப் பதப்படுத்திய பிறகு அதில் துளை போடுவதும், அதைக் கீழே போடுவதும் கூடாது. அடிபட்ட இடத்தில் காந்தத்தைத் தடுக்கும் திறன் சரியும். கப்பலுக்குக் காந்தநீக்கம் செய்யும் நாளில்தான் அது தெரியவரும்.

சோதனையில் பலரும் வழுக்குவது திசையில். பயாஸைத் தனியே பார்க்க, உணர் அச்சை, அதாவது கைரோ எந்த அச்சைச் சுற்றிய சுழற்சியை அளக்கிறதோ அதை, பூமியின் சுழற்சி சேராதபடி சரியாகக் கிழக்கு மேற்காக வைப்பார்கள். சென்னை அட்சரேகையில் அந்த அச்சு கிடைமட்டத்தில் ஒரு கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) பிசகினாலே மணிக்கு 0.004 டிகிரி பூமிச் சுழற்சி உள்ளே நுழைந்துவிடும். தேடும் அளவைவிட அது நான்கு மடங்கு. அச்சை 180 டிகிரி திருப்பி இரு அளவுகளின் சராசரியை எடுத்தால் இந்தப் பிழை விலகும்.

வாங்கும்போது பயாஸ் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. நிமிடத்துக்கு எத்தனை டிகிரி வெப்பம் ஏறும்போது எடுத்த அளவு, எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள். கைரோவின் இரைச்சல், அதாவது கோணத் தற்போக்கு நடை, மணி நேரத்தின் வர்க்கமூலத்துக்கு 0.001 டிகிரி என்றால், 0.0001 பயாஸைக் காணவே 100 மணி நேரம் சராசரி எடுக்க வேண்டும். ஒரு மணி நேர வரைபடத்தை வைத்து அந்த எண்ணைச் சொன்னால், மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள்.