தையல் மேல் தையல் விழக் கூடாது

கொத்தனார் செங்கல் அடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வராது. வந்தால் சுவர் அங்கேதான் விரியும். ஹைப்போஸ்பேடியாஸ் அறுவை சிகிச்சையிலும் இதே கவலைதான்.

சுமார் 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குச் சிறுநீர்த் துவாரம் குறியின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கிறது. இதுதான் ஹைப்போஸ்பேடியாஸ். பெரும்பாலும் 6 முதல் 18 மாத வயதுக்குள் சரிசெய்கிறார்கள். அங்குள்ள தோலையே குழாயாகச் சுருட்டி, முடிபோன்ற நூலால் தைத்து, நுனிவரை கொண்டுவருவார்கள். அதன் மேல் வெளித்தோலையும் தைக்க வேண்டும். இரண்டு தையலும் நேருக்கு நேர் விழுந்தால், கசியும் சிறுநீர் இரண்டையும் துளைத்து வெளியே வழி கண்டுபிடித்துவிடும். ஊசிமுனை அளவு ஓட்டைதான், பெயர் ஃபிஸ்டுலா. நுனித் துவாரம் சுருங்கினாலும் இதே கதைதான்: ஹோஸ் பைப்பின் வாயை அழுத்தினால் பலவீனமான ஒட்டில் தண்ணீர் பீறிடுமே, அப்படி.

அதனால் முன்தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய திசுவை, ரத்தக் குழாய்கள் அறுபடாமல் திருப்பி எடுத்து, குழாயின் மேல் போர்வையாக விரிக்கிறார்கள். ரத்த ஓட்டம் இல்லாத திசு ஆறாது. இந்தப் போர்வை உயிரோடு இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுன்னத்துக்கு நாள் குறித்திருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அந்த முன்தோல் தேவைப்படும்.

வீட்டுக்கு வந்தபின் காவல் பெற்றோர் கையில். இரண்டு டயப்பர் போடச் சொல்வார்கள். உள் டயப்பரில் சிறு ஓட்டை வெட்டி, சிறுநீர் வடிய வைத்திருக்கும் டியூபின் முனையை அதன் வழியாக வெளி டயப்பருக்குள் விடுவார்கள். மலம் உள்ளே நின்றுவிடும், சிறுநீர் வெளி டயப்பருக்குப் போகும், காயம் சுத்தமாக இருக்கும். குழந்தையை இடுப்பில் கால் விரித்துத் தூக்காதீர்கள். மலச்சிக்கல் வர விடாதீர்கள், முக்கும்போது டியூபைச் சுற்றிச் சிறுநீர் பீறிடும். முதல் சில நாள் வீக்கமும் நீலம் பாய்வதும் சகஜம். நுனி கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, டியூபில் சிறுநீர் வருவது நின்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

டியூப் எடுத்தபின் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தாரை இரண்டாகப் பிரிந்தாலோ, நூல்போல மெலிந்தாலோ, அடியில் சொட்டினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் "நான் சரியாகப் பார்த்துக்கலையே" என்று எந்தத் தாயும் அழ வேண்டாம். தேர்ந்த கைகளிலும் இது நேர்கிறது. வீக்கம் வடிந்து திசு இளகக் குறைந்தது 6 மாதம் காத்திருந்து, பிறகு அந்த ஓட்டையைத் தைத்து மூடுவார்கள்.