திரும்பக் கேட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் சொல்கிறது

இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. ஒரு துணிக்கடையின் சாட்பாட், 30 நாளுக்குள் துணியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டது. கடையின் விதி 7 நாள். அவர் ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்கே வந்துவிட்டார். சாட்பாட்டைச் செய்து கொடுத்த எங்களைக் கூப்பிட்டார்கள். லாக்கை, அதாவது சாட்பாட்டின் பதிவேட்டைத் திறந்தால் அந்த நேரத்துக்கு ஒரே ஒரு வரி: நிலைக் குறியீடு 200, ஆன நேரம் 1.8 வினாடி. கேட்ட கேள்வி இல்லை, பதிலை எழுதும் ஏஐ மாடலுக்குப் போன பிராம்ப்ட் (அறிவுறுத்தலும் கேள்வியும் சேர்ந்த உரை) இல்லை, எந்த ஆவணத்தை எடுத்துக் கொடுத்தோம் என்பதும் இல்லை.

200 என்றால் பதில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். தமிழ்ப் பதில் ஆங்கிலத்தைவிடப் பெரும்பாலும் அதிக டோக்கன் (மாடல் எண்ணும் எழுத்துத் துண்டு) பிடிக்கும். டோக்கன் வரம்பைத் தொட்டதும் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகும். அதற்கும் 200தான் வரும். நின்ற காரணம் ‘ஸ்டாப்’பா (தானே முடித்தது) ‘லெங்த்’தா (வரம்பில் அறுந்தது) என்று பதிந்து வைத்தால்தான் தெரியும்.

அந்தச் சாட்பாட்டை எழுதிய தம்பி சொன்னார்: “அண்ணா, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன், 7 நாள்னு சரியாத்தான் சொல்லுது.”

இதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நீங்கள் கேட்டது அதே கேள்வி இல்லை. அவர் அதற்கு முன் பேசிய நான்கு வரிகள் உங்களிடம் இல்லை. நடுவில் யாரோ பிராம்ப்டைத் திருத்தியிருக்கலாம். சாட்பாட் தேடி எடுக்கும் ஆவணங்களை மறுபடி இன்டெக்ஸ் செய்திருக்கலாம், அதாவது தேடலுக்காக அடுக்கியிருக்கலாம். அதே பெயரில் மாடலின் புதிய பதிப்பு வந்திருக்கலாம். இவை எதுவுமே மாறாவிட்டாலும் மாடல் வேறு பதில் சொல்லலாம். பதில் எவ்வளவு மாறலாம் என்று கட்டுப்படுத்தும் டெம்பரேச்சரை 0 வைத்தாலும் உத்தரவாதம் கிடையாது. அன்று நடந்ததை அன்றே எழுதி வைக்காவிட்டால் அது போனது போனதுதான். பழைய விதிப் பக்கம் இன்டெக்ஸில் கிடந்ததா, மாடலே இட்டுக்கட்டியதா என்று அந்தக் கடைக்கு எங்களால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

2024 பிப்ரவரியில், ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு அந்த நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தீர்ப்பாயம் சொன்னது. அங்கேயும் பயணியிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தது.

சரி, என்ன பதிய வேண்டும்? அனுப்பிய பிராம்ப்ட் முழுசாக, அதன் பதிப்பு எண்ணோடு. பதிலோடு திரும்பி வந்த மாடல் பெயர். எடுத்த ஆவணத் துண்டுகளும், அவை கேள்விக்கு எவ்வளவு பொருந்தின என்ற மதிப்பெண்ணும். டூல் அழைப்புகள் (மாடல் வேறு நிரல்களைக் கூப்பிட்டது), டோக்கன் கணக்கு. இவை எல்லாம் ஒரே டிரேஸ் ஐடியின் கீழ், அதாவது ஒரு பதிலுக்கான பதிவுகளை இணைக்கும் ஒரே எண்ணின் கீழ். இப்படிப் பதிவதற்கான பொதுத் தரமான ஓப்பன் டெலிமெட்ரியில் இதற்கான பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன, சொந்தமாகக் கண்டுபிடிக்காதீர்கள்.

தயவுசெய்து ஒன்று: போன் எண், ஆதார் எண்ணை மறைத்த பிறகே லாக்கில் எழுதுங்கள். எழுதிவிட்டு அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் அது பேக்கப்பில் போய் உட்கார்ந்திருக்கும். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். தினமும் 20 உரையாடல்களை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கட்டும்.

அந்த டிரேஸ் ஐடியைப் பதிலுக்குக் கீழேயே சின்ன எழுத்தில் காட்டுங்கள். வாடிக்கையாளர் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் அதுவும் விழும்.