இரும்புதானே, எப்படி உடையும்?

எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட், ஸ்க்ரூ, ராடு இவற்றை வளைத்தும் உடைத்தும் பார்ப்பதுதான் என் வேலை. சோதனையைப் பார்க்க வருகிறவர்கள், மெஷின் அழுத்த அழுத்த பிளேட் ‘டப்’பென்று தெறிக்கும் என்று காத்திருப்பார்கள். தெறிக்காது. கீழே இரண்டு உருளை, மேலே இரண்டு உருளை, நடுவில் பிளேட். அழுத்தினால் 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் மெல்ல வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். எந்த விசையில் அது திரும்ப நிமிராமல் போகிறது என்று குறித்துக்கொள்வோம்.

விஷயம் அப்புறம்தான் இருக்கிறது. அதைவிடக் குறைந்த விசையை விட்டுவிட்டுக் கொடுப்போம், 10 லட்சம் தடவை. விநாடிக்கு 5 என்று ஓட்டினாலும் இரண்டு நாள் தாண்டிவிடும். நன்றாக நடமாடுகிறவர் ஓராண்டில் ஒரு காலை ஊன்றுவது ஏறத்தாழ அவ்வளவுதான். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதை. இங்கே வளைவு கண்ணுக்குத் தெரியாது.

பிளேட் உடைந்த இடத்தின் பரப்பை லென்ஸில் பார்த்தால் விரிசல் பெரும்பாலும் ஸ்க்ரூ துளையின் ஓரத்தில், ஒரு புள்ளியில் தொடங்கியிருக்கும். அங்கிருந்து கிளிஞ்சலில் இருப்பதுபோல வரிவரியாகத் தடம். கடைசியில் கொஞ்சம் இடம் மட்டும் கரடுமுரடாக இருக்கும். மிச்சமிருந்த உலோகம் ஒரேயடியாக விட்டுப்போன இடம் அது. சில நேரம் தொடக்கப்புள்ளி, வளைக்கும் கருவி பட்ட கீறலாக இருக்கும். எலும்பின் வடிவத்துக்கு பிளேட்டை ஒருமுறை வளைப்பது சரி. தப்பாகிவிட்டதென்று திருப்பி நிமிர்த்தினால் ஆயுள் குறையும்.

தடிமனாகச் செய்தால் போகிறது என்பார்கள். தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. பாரத்தையெல்லாம் பிளேட்டே சுமந்தால் அடியிலிருக்கும் எலும்பு வேலையில்லாமல் மெலியும். ஸ்டீலில் ஏறத்தாழ பாதி விறைப்பே உள்ள டைட்டானியம் கலவையை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளேட் ஒரு முட்டுதான். முறிந்த எலும்பு ஒன்றுசேரச் சேர பாரம் எலும்பின்மேல் மாறும். சேராவிட்டால் எந்த நல்ல பிளேட்டும் ஒருநாள் விட்டுப்போகும். வலிதான் போய்விட்டதே என்று நினைத்து, டாக்டர் ஊன்றச் சொல்லுமுன்பே காலை ஊன்றுகிறவர்கள் அந்த 10 லட்சத்தை முன்கூட்டியே செலவழிக்கிறார்கள். மாதக்கணக்கில் வலி நீடித்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பிளேட்டின் தொகுதி எண் உள்ள ஸ்டிக்கர் உங்கள் ஃபைலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒருவேளை உடைந்து, வெளியே எடுத்தால், துண்டுகளைத் தூக்கி எறிய விடாதீர்கள். இரண்டையும் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். எப்படி உடைந்தது என்று காட்டும் அந்த வரிகள் நசுங்கிவிடும்.